குடிபுகுமுன் ஒரு கேள்வி

 

கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் ஒரே கூரையின் கீழ்க் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தோரின் பிள்ளைகள் இன்று கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் எனப் பரவி வாழ்கின்றனர். கோவையில் தனி மனை வாங்க இயலாதோர் அடுக்குமாடிக் குடியிருப்பை நாடுகின்றனர். வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், அத்தா விட்டுச் சென்ற சிறு சொத்து, மனைவியின் நகை ஆகிய யாவும் அந்த ஒரு வீட்டினுள் அடங்கிவிடுகின்றன.

"வேலை முடிந்துவிட்டது, மீதித் தொகையைக் கொடுத்துச் சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார் கட்டியவர். நாமும் மகிழ்ந்து, மவ்லவியை அழைத்து துஆ ஓதிக் குடிபுகுகிறோம். ஆனால், வேலை முடிந்துவிட்டது என்று சொன்னவர் யார்? விற்பவரே அல்லவா? அவருடைய சொல் மட்டும் போதுமா?

போதாது என்கிறது சட்டம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, அடுக்குமாடி கட்டுவோர் பேஸ்மட்டம் எழுந்த நிலையிலும் கடைசி மாடியின் நிலையிலும் அனுமதி வழங்கிய அலுவலகத்துக்குத் தெரிவித்து, பார்வைக்கு உட்படுத்த வேண்டும். முடிந்தபின் விண்ணப்பித்து நிறைவுச் சான்று பெற வேண்டும். சிறிய குடியிருப்புகளுக்கு இச்சான்றிலிருந்து விலக்கு உண்டு.

இடையிலேயே பார்ப்பது ஏன்? பூச்சு வேலை முடிந்தபின் தூணுக்குள் இருக்கும் கம்பி எவர் கண்ணுக்கும் தெரியாது. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 உயிர்கள் மாண்டதை நாம் மறந்துவிடலாகாது. பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்களே அதில் பெரிதும் பலியாயினர். அக்கட்டிடத்துக்கு அனுமதி இல்லாமல் இல்லை. காகிதத்தில் அனுமதி இருந்தது. கட்டிடத்தில் உறுதி இல்லை! அருகில் நின்ற மற்றொரு கட்டிடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கட்டிடம் இடியாவிட்டாலும் இடர் உண்டு. வரைபடத்தில் இல்லாத ஒரு மாடி எழும்பியிருக்கலாம். வாகனம் நிறுத்துமிடம் கடையாக மாறியிருக்கலாம். அப்போது நிறைவுச் சான்று கிடைக்காது. நிலையான மின் இணைப்புக்கு வழியின்றி, கட்டுமானத்துக்கென வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே கூடுதல் கட்டணம் செலுத்திக் குடும்பங்கள் காலம் தள்ள நேரிடும். தவறிழைத்தவர் பணத்துடன் போய்விடுவார், துன்பப்படுவது குடியிருப்பவரே. உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பர் 17 அன்று வழங்கிய தீர்ப்பில், சான்று பெற்ற பின்னரே வீட்டை ஒப்படைக்க வேண்டும், மின்சாரமும் குடிநீரும் அதன்பின்னரே வழங்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டுள்ளது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேலே உலர்ந்த தானியம், விரல்களிலோ ஈரம்! மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் பெருமானார். அதிகாரிக்குத் தெரிவிப்பது என்பதும் ஈரத்தை மேலே வைப்பதுதான். பூச்சுக்குள் மறைவதற்கு முன் பார்க்கச் சொல்வதுதான்.

நம் சமுதாயத்திலும் கட்டிடத் தொழில் செய்வோர் பலர் உள்ளனர். அவர்களுக்கு நம் வேண்டுகோள்: இதை வெறும் அலுவலகத் தொல்லையாக எண்ணாதீர்கள். பிறருடைய வாழ்நாள் சேமிப்பு உங்கள் கையில் அமானிதமாக இருக்கிறது.

வாங்குவோரே! திருமறையின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியும் சாட்சி பற்றியும் பேசுவதை அறிவீர்கள். "நம்ம ஆள்தானே" என்று வாய்ச்சொல்லில் நின்றுவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டம் தவிர ஏனையவை ஆணையத்தில் பதிவு பெற்ற பின்னரே விற்கப்பட வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அவருக்கு உரிமையில்லை. கடைசித் தவணையைக் கொடுக்குமுன் நிறைவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தென்பட்டால், முறையிட்ட 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது அவர் கடமை.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையான வணிகர் இக்கேள்வியால் கோபங்கொள்ள மாட்டார். குடிபுகும் நாளில் ஓதும் துஆவுக்கு முன் இந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

நம் இல்லங்களை அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.