பம்பே இல்லாத பம்பு ஆய்வேடுகள்

எண்ணெய்ப் பம்பின் ரோட்டரைக் கணினிவழி வடிவமைத்து மேம்படுத்துவதாகச் சொல்லும் ஆய்வேடுகளுக்கு இந்தியப் பொறியியல் துறைகளில் ஓர் அச்சு அமைந்துவிட்டது. முதல் இயலில் வாகன உயவின் இன்றியமையாமை, இரண்டாவதில் முன்னாய்வுகளின் பட்டியல், மூன்றாவதில் ரோட்டரின் முப்பரிமாண உருவம், நான்காவதில் சிவப்பும் நீலமுமாய் அழுத்தப் படங்கள், இறுதியில் கன அளவுத் திறன் சில விழுக்காடு உயர்ந்தது என்ற அறிவிப்பு. முன்னட்டை முதல் பின்னட்டை வரை தேடினாலும் எண்ணெய் ஓடிய ஒரு பம்பு அகப்படாது.

வாகன எஞ்சின்களில் பரவலாக உள்ள ஜெரோட்டர் பம்பையே எடுத்துக்கொள்ளலாம். உள் ரோட்டருக்கு ஐந்து பற்கள் என்றால் வெளி ரோட்டருக்கு ஆறு. இரண்டின் மையங்களும் சற்றே விலகியிருப்பதால், சுழலும்போது பற்களுக்கிடையிலான அறைகள் விரிந்து எண்ணெயை உறிஞ்சுகின்றன. பிறகு சுருங்கி வெளித்தள்ளுகின்றன. இதன் வடிவியலை அமெரிக்கப் பொறியாளர் மைரன் ஹில் 1920களிலேயே நூலாக எழுதிவிட்டார். அந்த எபிட்ரோகாய்டு வளைவின் சமன்பாட்டை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து மென்பொருளில் இட்டால் கணநேரத்தில் ரோட்டர் திரையில் எழும். அது வரைதல், வடிவமைத்தல் அன்று. வெளிப்பல்லின் வட்டவில் ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உள் ரோட்டரின் விளிம்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அடிப்படை வளைவின் குவிந்த பகுதியிலுள்ள மிகச்சிறிய வளைவு ஆரத்தை அந்த வில்லின் ஆரம் தாண்டிவிட்டதே காரணம். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால், மென்பொருள் பிழை காட்டியதாக விடை சொல்லும் மாணவர்கள் உண்டு. அவர்களைவிட, அந்த விடையை ஏற்றுக்கொண்டு தலையசைக்கும் தேர்வாளர்களே கூடுதலாகப் பொறுப்பேற்க வேண்டியவர்கள்.

வளைவைக்கூட மன்னிக்கலாம். பம்பின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது ரோட்டருக்கும் உறைக்கும் இடையிலுள்ள பக்க இடைவெளி. தட்டையான குறுகிய இடுக்கில் கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், பாகுநிலைக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். 15 மி.மீ. தடிப்புள்ள இரும்பு ரோட்டர் அலுமினிய உறைக்குள், 40 டிகிரி செல்சியஸில் 50 மைக்ரான் இடைவெளியோடு இருப்பதாகக் கொள்வோர் 100 டிகிரிக்கும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் இடைவெளி 60 மைக்ரான் ஆகிறது. அதனால் மட்டும் கசிவு 1.7 மடங்கு. அதே வெப்ப மாற்றத்தில் சாதாரண எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டும் சேர, அதே அழுத்தத்தில் கசிவு ஏறத்தாழ 17 மடங்கு. சூடேறிய எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது எண்ணெய் விளக்கு மினுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய மெக்கானிக் எவரும் அறிந்த சங்கதி. பல்வடிவத்தை மாற்றிச் சில விழுக்காடு ஈட்டியதாகச் சொல்லும் ஆய்வேடு ஒரே வெப்பநிலையில், ஒரே இடைவெளியில் கணக்கை முடித்திருந்தால் அந்தச் சில விழுக்காட்டுக்கு என்ன பொருள்?

இதனினும் கேடானது ஒன்றுண்டு. 50 மைக்ரான் இடுக்கில் கணிப்புக்கான மெஷ் எளிதில் அமையாது. ரோட்டர் சுழலச் சுழல அது நசுங்கி உடையும். ஆகவே சிலர் இடைவெளியை 100 மைக்ரானாக விரித்துவிடுகின்றனர். சிலர் இடைவெளியே இல்லை என்று கொள்கின்றனர். முன்னதில் கசிவு எட்டு மடங்கு, பின்னதில் சுழியம். இரண்டு வகையினரும் கன அளவுத் திறனைத் தசம இலக்கத்தோடு அச்சிடத் தயங்குவதில்லை.

கணிப்பே வீண் என்று இதற்குப் பொருளில்லை. அறைக்குள் அழுத்தம் எப்படித் துடிக்கிறது, போர்ட் எந்தக் கோணத்தில் திறக்க வேண்டும், எங்கே குமிழிகள் தோன்றும் என்பவற்றை வெளியிலிருந்து காண்பது கடினம். அங்கே கணினி உண்மையிலேயே கண் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கண் பார்த்தது சரிதானா என்று ஒருமுறையாவது அளக்கப்பட வேண்டும்.

பணமில்லை என்பது நெறியாளர்களின் வழக்கமான மறுமொழி. உதிரிபாகக் கடையில் வாங்கிய ஒரு பம்பு, வேகத்தை மாற்றத்தக்க மோட்டார், சூடேற்றும் தொட்டி, வால்வு, அழுத்தமானி, அளவுப் பாத்திரம், நிறுத்துக் கடிகாரம், ஒரு ஃபீலர் கேஜ் ஆகியவை போதும். கணிப்பு மென்பொருளின் உரிமத்துக்குச் செலவிடும் துறைக்கு இவை எட்டாதவை அல்ல. ரோட்டரைப் புதிதாகச் செய்வது மட்டுமே கடினம். இரும்புப் பொடியை அச்சில் அழுத்திச் சுடும் முறைக்கு அச்சுச் செலவு பெரிது. ஒற்றை மாதிரியை வயர் கட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம். ராஜ்கோட்டிலும் புனேயிலும் கோயம்புத்தூரிலும் அதைச் செய்துதரும் பட்டறைகள் கல்லூரிகளுக்கு அருகிலேயே இருக்கின்றன.

தடை வேறிடத்தில் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் கைவிட்ட பின்னும், கட்டுரை எண்ணிக்கையைக் கொண்டே ஆய்வாளரை எடைபோடும் பழக்கம் மாறவில்லை. அளவீடு மாதங்களைத் தின்னும். வண்ணப்படம் வாரத்தில் வந்துவிடும். தோற்ற அளவீட்டை வெளியிட இதழ் இல்லை. வென்ற படத்துக்கு இதழ்கள் வரிசையில் நிற்கின்றன.

இதை மாற்றப் புதிய குழு எதுவும் தேவையில்லை. அடுத்த வாய்மொழித் தேர்வில், முதல் வண்ணப்படம் திரையில் விழுந்தவுடன் புறத்தேர்வாளர் மூன்றே கேள்விகளைக் கேட்கட்டும்: இடைவெளி எத்தனை மைக்ரான்? அது எந்த வெப்பநிலையில்? அளந்தவர் யார்?