16 மதிப்பெண் போதாது

அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன்ஸ் 2021, தியரிப் பாடங்களின் அகமதிப்பீட்டை 20-இலிருந்து 40 ஆக்கியிருப்பதை வரவேற்கிறோம். அசைன்மென்ட், கேஸ் ஸ்டடி, செமினார், மினி புராஜெக்ட் என்று பெயர் சொல்லியே இடம் கொடுத்திருக்கிறார்கள். புரொஃபஷனல் இங்கிலீஷ் நடத்துகிறவர்கள் வெகுநாளாகக் கேட்டது இது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த 40-இலும் 24 எழுத்துத் தேர்வுக்குப் போய்விடுகிறது. மாணவர் செய்துகாட்டும் பணிக்கு மிஞ்சுவது 16. பருவத் தேர்வின் 60-ஐயும் சேர்த்தால், நூற்றில் மற்ற 84-உம் விடைத்தாளில் எழுதி வாங்குவதுதான்.

எழுதினால் என்ன குறை என்பவர்கள் திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவன மெர்ச்சண்டைசரின் மேசையருகே உட்கார்ந்து பார்க்கட்டும். சாயப்பட்டறையில் துணி தேங்கிவிட்டது. ஷிப்மென்ட் தேதி தவறப்போகிறது. தாமதம் என்று மட்டும் எழுதினால் பையர் தள்ளுபடி கேட்பார். விமானத்தில் அனுப்புகிறோம் என்று வாக்குக் கொடுத்தால் அந்தச் செலவு நம் தலையில் விழும். ஆர்டரின் லாபமே கரைந்துபோகலாம். ஆகவே முதலில் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் தமிழில் விசாரணை, பிறகு ஷிப்பிங் ஏஜெண்டுக்கு போன், அதன்பின் மெயில். பையரின் பதில் வந்ததும் அடுத்த மெயில். இத்தனையும் சேர்ந்தது ஒரே பணி. நாம் அதன் பேச்சை இங்கிலீஷ் லேபுக்கும் எழுத்தை தியரிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, பரீட்சையில் யாரும் பதில் போடாத ஒற்றைக் கடிதத்தைக் கேட்கிறோம்.

இத்தனைக்கும் இப்படிப் பணி கொடுத்து மொழி கற்பிக்கும் பணிவழிக் கற்பித்தல் நம் பக்கத்தில் பிறந்தது. 1979-இல் என்.எஸ். பிரபு தொடங்கிய பெங்களூர் திட்டம் சென்னையிலும் நடந்தது. கையிலுள்ள தகவல்களிலிருந்து யோசித்து முடிவுக்கு வரவேண்டிய ‘ரீசனிங் கேப்’ பணிகளே அதிகம் பலன் தருகின்றன என்று அவர் கண்டது சாதாரணப் பள்ளி வகுப்புகளில். பள்ளிப் பிள்ளைகளால் முடிந்தது பொறியியல் மாணவர்களால் முடியாதா? பையருக்கு எழுதும் அந்த மெயிலைவிட நல்ல ரீசனிங் கேப் எங்கே கிடைக்கும்? உலகம் எடுத்துக்கொண்டதை நம் பாடத்திட்டக் குழுக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெர்மோடைனமிக்ஸுக்கு வகுத்த பங்கீட்டை மொழிக்கும் அப்படியே ஒட்டிவிட்டார்கள். பிளேஸ்மென்ட் குறைந்தால் மட்டும் விளக்கம் கேட்டு ஆங்கிலத் துறைக்கு ஆள் வருகிறது!

இதே விதிகளில் லேப் இணைந்த தியரிப் பாடங்களுக்கு அகமதிப்பீட்டுக்கு 50, பருவத் தேர்வுக்கு 50 என்ற பங்கீடு உண்டு. புரொஃபஷனல் இங்கிலீஷையும் இங்கிலீஷ் லேபையும் அப்படி ஒரே பாடமாக்க என்ன தடை? பருவத் தேர்விலும் கடிதத் தலைப்புக்குப் பதில் நாலைந்து மெயில்களும் ஒரு பர்ச்சேஸ் ஆர்டரும் அச்சிட்டுக் கொடுங்கள். அடுத்த மெயிலை மாணவர் எழுதட்டும்.