தீர்வை விலக்கு ஏற்றுமதித் திறன் ஆகாது

ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதி தேங்கிக் கிடப்பதற்குப் பணக்கார நாடுகள் விதிக்கும் இறக்குமதித் தீர்வையே முதற்காரணம் என்றும், அதை நீக்கிவிட்டால் ஏற்றுமதி தானாகப் பெருகும் என்றும் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவுகிறது. தீர்வை விலக்கு அளிக்க 2000இல் அமெரிக்கா இயற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டமும், 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு, ஆயுதங்கள் நீங்கலாக, அளித்த முழு விலக்கும் இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தன. விலக்கு தேவையானதே, ஆனால் அதையே ஏற்றுமதித் திறனாகக் கொள்வது, அந்த நாடுகளுக்கு உண்மையில் எது இல்லை என்பதை மறைத்துவிடும் பெரும்பிழையாகும்.

உகாண்டாவின் மீன் வணிகம் இதற்குத் தெளிவான சான்று. விக்டோரியா ஏரியில் பிடிபடும் நைல் பெர்ச் மீன், 1975இன் லோமே உடன்படிக்கையின் கீழ்த் தீர்வையின்றியே ஐரோப்பாவுக்குள் நுழையக்கூடியதாக இருந்தது. ஆயினும் 1997 முதல் 1999 வரை, முதலில் சால்மொனெல்லா கிருமி, அடுத்துக் காலரா, பின்னர் நஞ்சிட்டு மீன் பிடிப்பதாக எழுந்த ஐயம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் வந்தன; ஆலைகள் முடங்கின, கூலிக்கு உழைத்தவர்கள் வேலை இழந்தனர். காலராவைக் காட்டி விதித்த தடை பொருத்தமான வழியன்று என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பே 1998இல் கூறியது. ஆனால் தன் மீன் தூய்மையானது என்று நிறுவ, இறக்குமதியாளர் ஏற்கும் ஆய்வகமும், கரையிறங்கும் துறையிலிருந்து ஆலை வரை கண்காணிக்கும் ஒருங்கிணைந்த ஆய்வுத்துறையும் உகாண்டாவிடம் இல்லாததால், நியாயம் தன் பக்கம் இருந்த இடத்திலும் அந்நாட்டால் அதை மெய்ப்பிக்க முடியவில்லை. சுழியமாக இருந்த தீர்வை அங்கே எந்தப் பயனும் தரவில்லை.

சந்தையை மீட்டுத் தந்தது வேறொன்று. மீன்வளத் துறையே பொறுப்பு அதிகாரியாக, அதாவது ஏற்றுமதியாகும் உணவின் பாதுகாப்புக்கு வாங்கும் நாட்டிடம் பொறுப்பேற்கும் அரசு அமைப்பாக, ஆக்கப்பட்டது, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு உள்ளிட்டவற்றின் உதவியோடு ஆய்வாளர்கள் பயிற்சி பெற்றனர். ஆலைகள் தம் செலவில் சீரமைத்துக்கொண்டன. அதன்பின் மீன், காபிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் ஏற்றுமதிப் பொருளாக உயர்ந்தது. மிகைப்பிடிப்பால் பிற்பாடு மீன்வளம் குன்றியதும் உண்மையே. ஏரியைக் காக்கும் பணியையும் ஏற்றுமதித் திறனின் பகுதியாக எவரும் கருதாததன் விளைவு அது.

அமெரிக்காவின் விலக்கால் வேலை பெருகிய நாடு என்று லெசோத்தோவைக் காட்டுவர். அங்கே ஆடை ஆலைகள் பல்லாயிரம் பெண்களுக்கு ஊதியம் அளித்தன. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை தைவான் முதலீட்டாளர்களுடையவை. வேறு நாட்டுத் துணியைத் தைத்து அனுப்பலாம் என்ற சிறப்பு விதியில் நின்றவை. பெரிய ஏற்றுமதி நாடுகளுக்கு வரம்பிட்ட உலக ஆடை வணிக ஒதுக்கீட்டு முறை 2004 முடிவில் காலாவதியானதும் பல ஆலைகள் மூடப்பட்டன. விலக்கை அளித்தவரே அதைப் பறிக்கவும் முடியும்: 2009இல் ஆட்சி கவிழ்ந்த மடகாஸ்கரிடமிருந்து 2010 தொடக்கத்தில் அமெரிக்கா இதே விலக்கைப் பறித்தபோது, அரசியலில் எந்தப் பங்கும் இல்லாத தையல் தொழிலாளர்களே அதற்கு விலை கொடுத்தனர்.

2005இல் ஹாங்காங்கில் கூடிய உலக வணிக அமைப்பின் அமைச்சர் மாநாடு வணிகத்துக்கான உதவி என்ற முயற்சியைத் தொடங்கியதே, விலக்கு மட்டும் போதாது என்பதன் ஒப்புதல்தான். அந்த உதவி கருத்தரங்குகளிலும் அறிக்கைகளிலும் கரைந்துபோகாமல், திட்டக்காலம் முடிந்த பின்னும் ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்கவும் ஆய்வாளருக்கு ஊதியம் வழங்கவும் அந்தந்த அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் உறுதியாகும் வகையில் வடிவமைக்கப்பட வேண்டும்.