தமிழ் தாயா, தமக்கையா?

பெங்களூருக்கு வந்த முதல் வாரம். காதுவலி தாங்காமல் மருந்துக் கடைக்குப் போய்க் காதைத் தொட்டுக் காட்டினேன். கடைக்காரர், "கிவி நோவா?" என்றார். செவிநோவு! வலி இரண்டு நாளில் போயிற்று. அந்தச் சொல் போகவில்லை.

நம் மன்றத்து நண்பர்கள் பலர், "தமிழே தாய், கன்னடம் சேய்" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். 2025 மே மாதம் நடிகர் கமல்ஹாசன் சென்னை மேடையொன்றில் கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததென்று சொல்ல, சூன் 5-ஆம் நாள் அவர் படம் கருநாடகத்தில் வெளிவராமற்போன கதையை நாமறிவோம். படத்தைத் தடுத்தது முறையா என்பது வேறு வழக்கு. சொன்னது சரியா என்பதே என் வினா. சரியன்று என்பேன். கணக்குப் படிப்பவனுக்கு மொழியில் என்ன வேலை என்று சினவாதீர்கள், வேலை இருக்கிறது.

வடிவக் கணிதத்தில் 'மரம்' என்றொரு வெளி உண்டு. அதில் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரே வழிதான், சுற்றிவர இயலாது. தூரங்களின் பட்டியலை மட்டும் கொடுத்து, இது மரத்தில் பொருந்துமா என்று கேட்டால் எப்படிச் சொல்வது? நான்கு புள்ளிகளை எடுங்கள். அவற்றை இரண்டிரண்டாக இணைக்க மூன்றே வழிகள். ஒவ்வொரு வழியிலும் இரு தூரங்களைக் கூட்டுங்கள். வரும் மூன்று தொகைகளுள் பெரியவை இரண்டும் சமமாயிருக்க வேண்டும். எந்த நான்கை எடுத்தாலும் இவ்விதி நின்றால் மரம். பிசகினாலும் அப்பிசகு ஓர் அளவுக்குள் அடங்கினால் 'மரம் போன்ற' வெளி; 1987-இல் குரோமோவ் இக்கருத்தைக் கொண்டு ஒரு துறைக்கே வித்திட்டார்.

மரத்தின் விளிம்பு எது? திரும்பாமல் முடிவின்றிச் செல்லும் ஒவ்வொரு வழியும் விளிம்பில் ஒரு புள்ளி. இரு வழிகள் எத்துணைத் தொலைவு சேர்ந்து சென்று பிரிந்தன என்பதே அவற்றின் நெருக்கம். முடிவுள்ள மரமாயின் நுனி இலைகளே விளிம்பு.

இன்று பேசப்படும் தமிழும் கன்னடமும் துளுவும் அத்தகைய நுனிகள். தாய் உள்ளே ஏதோ ஒரு கவையில் இருக்கிறாள். அவளைப் பேசுவோர் இன்று எவருமில்லை. இலைகளுக்கிடையே உள்ள தூரங்கள் மரத்தின் வடிவைத் தந்துவிடும். வேர் எங்கே என்பதைத் தாரா. ஆகவே, "எம்மை ஒத்திருக்கிறது, எம்மிடமிருந்தே வந்தது" என்னும் வாதம் இங்கேயே விழுகிறது. வேறு சான்று வேண்டும்.

அச்சான்று என்ன? பாலை அவர்கள் 'ஹாலு' ஆக்கினர். பகரத்தைக் காத்தவர் நாம். ஆனால் 'கிவி'யைச் செவி ஆக்கியவர் நாமல்லவா! இகர எகரங்களோடு சேர்ந்த ககரம் தமிழில் பல சொற்களில் சகரமாயிற்று. கன்னடம் பழையதை வைத்துக்கொண்டது. அவர்களுடைய 'கிரு' நமக்குச் 'சிறு'. தாயிடம் இல்லாத பழமை சேயிடம் வந்தது எப்படி? இருவருக்கும் மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே பொருந்தும். அந்த மூத்தவளுக்கே தமிழென்று பெயரிடுவேன் என்பீராயின், அது பெயர்ச் சண்டை, உறவு மாறாது. சங்க இலக்கியம் நம் பெருமை. அதை எவரும் பறிக்கவில்லை. பழைய நூலுடைமை வேறு, தாய்மை வேறு.

மரம் என்பதும் முழுதும் ஒவ்வாது. அண்டை மொழிகள் கடன் கொள்கின்றன. விழுது ஊன்றிச் சுற்று உண்டாகிறது. கேதோஹள்ளிப் பெரிய ஆலமரத்தில் தாய்த்தண்டு அழிந்துவிட்டது; விழுதுகளே நிற்கின்றன. நானே இப்போது ஊருக்குப் பேசும்போது 'சொல்ப இரு' என்கிறேன், அம்மா சிரிக்கிறார்.

மன்றத்தின் அடுத்த சொற்போருக்கு இத்தலைப்பை வையுங்கள். மறுத்துப் பேச நம்மவர் வரட்டும். கன்னட நண்பர் இருவரையும் அழையுங்கள்.