கடைசிப் பனி, காலை வெயில்

பனிச்சறுக்கு என்றாலே ஜனவரியில்தான் என்று பலரும் நினைக்கிறோம். எனக்கென்னவோ மார்ச் கடைசியில் குல்மார்க் போவதுதான் பிடிக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கிளம்பும்போது வாதுமை மரங்கள் பூத்து நிற்கும். தங்மார்க் தாண்டி மலை ஏறினால், பைன் மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பனி! ஒரே காலையில் இரண்டு பருவம். இந்த அழகைப் பார்க்காமல் வண்டியில் தூங்கிவிடாதீங்க!

இந்த மாசத்துப் பனிக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரிக் குளிரில் இறுகி, விடியற்காலையில் கல்லாக இருக்கும். வெயில் பட்டு மேலாக இளகும் முற்பகல் நேரம்தான் சறுக்கச் சுகம். மத்தியானம் சொதசொதவென்று ஆகிவிடும். ஸ்கீ சிக்கினால் முழங்கால் திருகிக்கொள்ளும். மேல் சரிவுகளிலிருந்து பனி சரிந்து விழும் அபாயமும் கூடும்.

போன தடவை, மத்தியானம் ஆனபிறகு "மேலே ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடலாமே" என்று இழுத்தார் என் கணவர். "நானும் வரலே, நீங்களும் போக வேண்டாம்" என்றேன் கண்டிப்பாக. முகம் சுண்டிப் போச்சு. குங்குமப்பூ, ஏலக்காய், வாதுமை போட்ட கஹ்வா ஒரு கோப்பை உள்ளே போனதும் சரியாகிவிட்டார். வெயிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் பேசினோம். வீட்டில் அப்படிப் பேசி எத்தனை நாளாச்சு!

போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி மறக்க வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். மோவாய்க்கு அடியிலும் வெயில் கிரீம் தடவணும். தாகம் இல்லாவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

மலை உச்சி எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வருஷமும் ஏற நம் முழங்கால் நன்றாக இருக்கணுமே!