நம் சேரியை ஆராய யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், முட்டம் உள்ளிட்ட குமரிக் கடற்கரை ஊர்களில் 'பயனாளி', 'மறுவாழ்வு', 'பங்கேற்பு' என்னும் சொற்கள் புழங்கத் தொடங்கின. நிவாரணத்துடன் வந்த வளர்ச்சித்துறையின் மொழி அது. அதே நாட்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இழப்பானது படகையும் வலையையும் கொண்டே அளக்கப்பட்டது; அவை இல்லாத தலித் கூலித் தொழிலாளர்கள் நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. யார் பயனாளி, அதை முடிவு செய்பவர் யார் என்பதே பன்னாட்டு வளர்ச்சியியலின் அடிப்படைக் கேள்வி.

அக்கேள்வியை அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பாகப் பயில விரும்பும் ஏழைத் தலித் மாணவருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதன்மையான வழி. ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. ஆனால் 2022இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றன.

பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர், 1916இல் அங்கு படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றம் குறித்தது. இன்றைய நெறிகளின்கீழ் அத்தலைப்பு தகுதி பெறாது!

இந்தியா குறித்து ஆராய இங்கேயே வல்லுநர்களும் வளங்களும் உள்ளன என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அவ்வாறெனில், சொந்தப் பணத்தில் செல்லும் வசதி படைத்தோர் அங்கே இந்தியாவை ஆராயலாம். உதவித்தொகையை நம்பியவர் மட்டும் தம் சேரியை ஆராயக் கூடாதா? பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேணுமாறு அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது. எதைப் படிக்கக் கூடாது என வேலி கட்டுவது பேணுதல் ஆகாது.

இழப்பு நமக்கு மட்டுமன்று. ஐ.நா. 2015இல் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 'சாதி' என்னும் சொல் இல்லை. இனம், பாலினம், மதம் இடம்பெற்ற பட்டியலில் சாதி விடுபட்டது. வழித்தோன்றல் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இலேயே தெளிவுபடுத்தியிருந்தும் இதுவே நிலை. இந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய ஆய்வாளர்களைத்தான் மேற்கண்ட தடை வாசலிலேயே நிறுத்துகிறது.

நிதியும் உறுதியாக இல்லை. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. ஏனையோருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே வழங்கப்படும் எனச் சொல்லப்பட்டது. பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கெடுவோ யாருக்காகவும் காத்திராது.

தலைப்புத் தடை முற்றாக நீக்கப்பட வேண்டும். தேர்வான அனைவருக்கும் நிதி முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். மாணவத் தோழர்களே, தடைக்கு அஞ்சித் தலைப்பை மாற்றிக்கொள்ளும் முன், நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டப் போராட்டத்தின் முதல் ஆவணம் அதுவே.