எண்ணியாயிற்று, பிறகு?

நாடெங்கும் கைத்தறியை நம்பி வாழ்ந்தோர், 1995-96 கணக்கெடுப்பின்படி 65 லட்சத்துக்கு மேல். 2009-10-இல் 43.31 லட்சம். 2019-20-இல் 35.22 லட்சம்! கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் தறிக்குழியை விட்டு எழுந்து போய்விட்டனர். எங்கே போயினர்? விசைத்தறிக்கா, கட்டட வேலைக்கா, வெளியூர் ஆலைக்கா? அந்தத் தொகை வாய் திறக்காது. திறக்க வைக்க வேண்டியவர்கள் நாம்.

ஆரணியிலே பட்டு நெய்யும் தோழர்களைக் கேட்கிறோம்: சென்ற ஆண்டு உங்கள் தறி எத்தனை நாள் பாவின்றி நின்றது? "நிறைய நாள்" என்பீர்கள். 'நிறைய' என்பது பெருமூச்சு, கணக்கன்று! பெருமூச்சைக் கண்டு எந்த அதிகாரி அஞ்சினார்?

சேலைக்குக் கூலி 4000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் நெய்து முடித்தால் நாளொன்றுக்கு 400. முதலாளி காட்டுகிற கணக்கு இதுதான். அடுத்த பாவு வரும்வரை இன்னும் பத்து நாள் தறி தூங்கினால்? 200. தார் சுற்றி, அறுந்த இழை பிணைத்து, கூடவே உழைத்த வீட்டம்மாளையும் சேர்த்து வகுத்தால்? 100! வகுத்தல் நான்காம் வகுப்புப் பாடந்தான். ஆனால், எதை எதனால் வகுப்பது என்று தீர்மானிப்பவன் எவனோ, அவன் கையிலே இருக்கிறது கூலி. 2019-20 கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளரில் 100-க்கு 72 பேர் பெண்கள். தார் சுற்றும் அந்தக் கை எந்தக் கூலிப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது?

அதற்காக, கண்டதையெல்லாம் எழுதிக் குவிக்கச் சொல்லவில்லை. குவித்த ஏட்டைக் கரையான்தான் படிக்கும். முதலில் வேண்டுவது எது என்று முடிவு செய்யுங்கள். கூலி உயர்வா? காத்திருக்கும் நாளுக்குப் படியா? விசைத்தறிப் போட்டியைத் தடுப்பதா? எதுவோ, அதற்குத் தேவையானதை மட்டும், நாள் தவறாமல், எழுதுங்கள். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடை, நாள், சேலையின் வகை என்று குறித்துக் கொடுத்தாலன்றி அது அலமாரியிலேதான் உறங்கும்.

கூட்டுறவுச் சங்கப் பேரவையில் ஆண்டறிக்கை படிக்கிறார்கள். கலியாண வீட்டு மந்திரம்போலப் புரியாமலே கேட்டுத் தலையாட்டி, காப்பி குடித்துக் கலைகிறோம்! இருப்புத் துணி எவ்வளவு, அதிலே ஓராண்டுக்கு மேல் விலைபோகாமல் கிடப்பது எவ்வளவு என்று எழுந்து கேட்கத் தெருவுக்கு இரண்டு இளைஞராவது வேண்டாமா? படிப்பகத்தில் நாளேட்டை உரக்கப் படிக்கக் கேட்டே உலகை அறிந்தவர்கள் நம்மிலே ஏராளம். அதே படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை சங்கத்தின் ஐந்தொகையையும் உரக்கப் படிக்கட்டும். வரும்போது வீட்டிலுள்ள கூலிப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள், தோழர்களே. வீட்டம்மாளையும் அழைத்து வாருங்கள்.